கோல் காப்போனும் சில்லும்

தமிழகத்து இளைஞர் ஆனந்த்குமார் வேல்குமார் 2025ஆம் ஆண்டிலே சீனாவில் சில்லுச் சறுக்கோட்டத்தில் உலக வாகை சூடினார். அச்செய்தி கேட்ட நம் பிள்ளைகளுக்கும் சில்லுச் சப்பாத்தில் ஆசை பிறப்பது இயல்பே. ஆனால், விரைந்தோடுவோனின் சப்பாத்து வேறு. சில்லு ஹொக்கியில் கோல் காப்போனின் சப்பாத்து வேறு. கொழுந்து கிள்ளிச் சேர்த்த பணத்தில் ஒரு தாய் வாங்கித் தருவது பொருந்தாமற் போனால், பணமும் வீண். பிள்ளையின் முழங்காலுக்கும் கேடு. ஆகவே சில சொல்ல விரும்புகிறோம்.

விரைவோட்டத்துக்கு 110 மில்லிமீற்றர் சில்லுகள் பூட்டுவர். ஹொக்கியில் ஓடியாடுவோர் 72 முதல் 80 மில்லிமீற்றர் வரையுள்ளவற்றைக் கொள்வர். கோல் காப்போனுக்கோ ஏறத்தாழ 60 மில்லிமீற்றரே போதும். அவன் நெடுந்தூரம் ஓடுவதில்லை. குனிந்து நின்று, இமைப்பொழுதில் பக்கவாட்டில் உந்தவேண்டியவன். உடல் நிலத்துக்கு அண்மையில் இருந்தாற்றான் நிலை தளராது.

சில்லின் கடினத்தைக் குறிக்கும் எண் அதன் பக்கத்திலே பொறிக்கப்பட்டிருக்கும். 74ஏ மென்மையானது, வழுவழுப்பான மண்டபத் தரையைப் பற்றிக்கொள்ளும். 84ஏ கடினமானது, சொரசொரப்பான சீமெந்துத் தரையில் மென்சில்லு விரைவில் தேயுமாதலால் அங்கே இதுவே ஏற்றது. உடல் கனத்தவர் சற்றுக் கடினமானதைக் கொள்ளல் நன்று.

வட்டவளையோ இலங்கையில் மழை மிகுந்த ஊர்களுள் ஒன்று. ஈரத்தில் எந்தச் சில்லும் வழுக்கும். உள்ளிருக்கும் பெயரிங்கும் துருவேறும். சரிவான தோட்டத்துத் தெருவும் ஆடுகளமாகாது. ஆதலால், பெற்றோரே, கடைக்குப் போகுமுன் பிள்ளை ஆடப்போகும் தரையைப் பாருங்கள். கூரையுள்ள சமதரை கிடைத்த பின்னரே பணப்பையைத் திறப்போமாக.