மேஜை மேல் மாடி பஸ்

சென்ற வாரம் ஒரு சகோதரியிடமிருந்து கடிதம் வந்தது. கடிதம் என்பதை விடப் புகார் மனு என்றே சொல்லலாம். அதை உங்களுக்கும் வாசித்துக் காட்டுகிறேன். தீர்ப்பை நாம் சேர்ந்தே யோசிப்போம்.

"என் கணவர் ரிடையராகி இரண்டு வருஷமாகிறது. மற்ற வீடுகளில் ரிடையரானவர்கள் கோயிலுக்குப் போகிறார்கள், பார்க்குக்குப் போகிறார்கள். இவர் பஸ் கட்டுகிறார். லண்டன் மாடி பஸ்! உள்ளங்கை நீளம்தான் இருக்கும். அதற்காக மூன்று மாதமாய்ச் சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக் கொண்டிருக்கிறார். நாங்கள் லண்டனைக் கண்ணால் கண்டதில்லை. கல்யாணமான புதிதில் ஏழு வருஷம் பம்பாயில் மாட்டுங்காவில் குடித்தனம் செய்தோம். மாடி பஸ் என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். ஆறு பேர் சாப்பிட வேண்டிய மேஜையில் அரமும் பெயிண்டும் பசையும்! குழந்தைகளின் விளையாட்டுச் சாமானுக்கு அறுபது வயது மனுஷர் இப்படி மெனக்கெடலாமா? நீங்களே கேளுங்கள்."

கேட்கத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்று சொல்லிவிட வேண்டும். அம்மா, அது விளையாட்டுச் சாமான் அல்ல.

வித்தியாசம் தெரிய வேண்டுமானால் நம் வீட்டுக் கொலுவை நினைத்துக் கொள்ளுங்கள். படிக்குக் கீழே பார்க் போடுகிறோம். கடுகையும் கேழ்வரகையும் முளைக்க வைத்துப் புல்தரை, முகம் பார்க்கும் கண்ணாடியில் குளம், மணலில் சாலை, சாலையில் ஒரு பஸ். பக்கத்தில் செட்டியார் மளிகைக் கடை பரப்பி உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்தபடியே பஸ்ஸை விட உயரமாயிருப்பார்! எழுந்தாரானால் பஸ்ஸைத் தாண்டியே கடைத்தெருவுக்குப் போய் வந்துவிடலாம். யாராவது குற்றம் சொல்கிறோமா? கொலுவுக்கு அதுதான் அழகு.

மாதிரி பஸ் கட்டுகிறவர்களிடம் இந்தச் சலுகை கிடையாது. நிஜத்தில் ஓர் அடி என்றால் மாதிரியில் 4 மில்லிமீட்டர். ஏறக்குறைய 76ல் ஒரு பங்கு. இங்கிலாந்தில் பொம்மை ரயில் வைத்து விளையாடியவர்களின் அளவு இது. ரயிலடிக்கு வெளியே பஸ் நிற்க வேண்டாமா? பஸ்ஸுக்கும் அதே அளவு வந்து சேர்ந்தது.

லண்டனின் பிரசித்தி பெற்ற சிவப்பு மாடி பஸ்ஸுக்கு 'ரூட்மாஸ்டர்' என்று பெயர். 1956-ஆம் வருஷம் பிப்ரவரியில் அதன் முதல் வண்டி பிரயாணிகளை ஏற்றிக் கொண்டு புறப்பட்டது. 1968 வரை மொத்தம் 2,876 வண்டிகள் கட்டினார்கள். நீளம் இருபத்தேழரை அடி. மாதிரியில் 11 சென்டிமீட்டர். அகலம் 8 அடி. மாதிரியில் 32 மில்லிமீட்டர். உயரம் பதினாலடிக்குக் கொஞ்சம் கூட. மாதிரியில் ஐந்தே முக்கால் சென்டிமீட்டர். பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் ஐந்தரை அடி அம்மாள் 22 மில்லிமீட்டர்தான் இருப்பாள். செட்டியாருக்கு அங்கே வேலையில்லை!

இன்னொரு வேடிக்கை. நீளம், அகலம், உயரம் மூன்றும் 76 மடங்கு குறைந்தால், எடை எத்தனை மடங்கு குறைய வேண்டும்? 76ஐ 76ஆல் பெருக்கி, மறுபடியும் 76ஆல் பெருக்குங்கள். 4,38,976 வரும். ஏழரை டன்னுக்குச் சற்றே குறைவான ரூட்மாஸ்டர், அந்தக் கணக்குப்படி சுமார் 17 கிராம்தான் இருக்க வேண்டும். இரண்டு சவரனுக்குக் கொஞ்சம் கூட! உலோகத்தில் வார்த்த மாதிரி அதைப் போலப் பல மடங்கு கனக்கும். எடை விஷயத்தில் மட்டும் கைவேலைக்காரர் தோற்றுத்தான் போகிறார். ஆனால் எடையைக் கண் பார்க்காது, அளவைப் பார்த்துவிடும்.

பொம்மையின் கதை வேறு. இங்கிலாந்தில் ஜாக் ஓடெல் என்று ஓர் இயந்திர நிபுணர் இருந்தார். அவருடைய பெண் படித்த பள்ளிக்கூடத்தில், தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையைத்தான் கொண்டு வரலாம் என்று விதியாம். அப்பா என்ன செய்தார்? பித்தளையில் ஒரு ரோடு ரோலரைத் தீப்பெட்டிக்குள் அடங்கும்படி செய்து கொடுத்தார். அதிலிருந்து பிறந்தவைதான் 'மேட்ச்பாக்ஸ்' பொம்மைகள். 1954ல் அந்த வரிசையில் லண்டன் பஸ்ஸும் வந்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள்கூட அதை உருட்டியிருக்கலாம். ஆனால் கவனியுங்கள். அந்தப் பஸ் பெட்டிக்கு அடங்க வேண்டியிருந்தது. மாதிரி பஸ்ஸோ நிஜ பஸ்ஸுக்கு அடங்க வேண்டும். பொம்மைக்கும் மாதிரிக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

இதைக் கையால் எப்படிச் செய்கிறார்கள்? முதலில் அளவெடுப்பு. கம்பெனி வரைபடம், பழைய புகைப்படம், காட்சிசாலையில் நிற்கும் வண்டி எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, பித்தளையிலோ பிளாஸ்டிக் தகட்டிலோ ஒரு மூல உருவம் செய்து கொள்கிறார்கள். இதற்கே பல மாதம் பிடிக்கும். அதைச் சுற்றி ரப்பரில் அச்சு எடுக்கிறார்கள். அச்சில் ஊற்றுவது வெள்ளீயம் கலந்த உலோகம்.

வெள்ளீயத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரசம் வைக்கிற ஈயச்சொம்பைக் காலியாக அடுப்பில் வைத்துவிட்டுப் பேச்சில் ஆழ்ந்த எவரும் அந்தப் பாடத்தை மறந்திருக்க மாட்டார்கள். 232 டிகிரி சூட்டிலேயே அது உருகிவிடும். சமையற்கட்டில் நமக்கு நஷ்டமாகிற அந்தக் குணம், பட்டறையில் அவர்களுக்கு லாபம். அவ்வளவு குறைந்த சூட்டில் உருகுவதனால்தான் ரப்பர் அச்சு தாங்குகிறது. வட்டமான அச்சைச் சுழல விட்டு நடுவில் உலோகத்தை ஊற்றுவார்கள். பஞ்சு மிட்டாய் இயந்திரத்தில் சர்க்கரைப் பாகு வெளிப்பக்கம் ஓடுகிறதல்லவா? அதே மாதிரி ஓடி, ஓரத்திலுள்ள குழிகளையெல்லாம் நிரப்பிக் கொள்ளும்.

அச்சிலிருந்து வருவது பஸ் அல்ல, துண்டுகள். பிசிறு தேய்த்து, கோணல் நிமிர்த்தி, ஒட்ட வேண்டும். சில கைவேலைக்காரர்கள் முழுசாகக் கட்டி விற்பார்கள். சிலர் துண்டுகளாகவே விற்பார்கள். நம் சகோதரியின் கணவர் வாங்கியது இரண்டாவது ரகம் என்று அரத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

பிறகு பெயிண்ட். இங்கேதான் கை நடுங்கும். ஒரு காகிதத்தின் கனம் சுமாராக மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு கனத்துக்கு மாதிரியில் பெயிண்ட் பூசினால், நிஜ பஸ்ஸில் ஏழரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசியதற்குச் சமம். தோசைக்கு மாவு வார்த்தது போல் இருக்கும்! ஆகவே மூச்சு பட்டது போல் மெல்லிசாய், காயக் காயப் பூச வேண்டும். இரண்டு மாடிக்கும் நடுவே ஓடுகிற வெளிர் பட்டை கோணாமல் வர வேண்டும். ஓர் அங்குலக் கைப்பிடிக் குழாய் இங்கே மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. இழைக்கோலம் போட்டுப் பழகிய விரல்களுக்கு இந்தச் சிரமம் புரியும்.

எல்லாம் முடிந்ததும் நம்பர் பலகை, போகுமிடத்தின் பெயர், பக்கத்து விளம்பரம். "ஏதோ ஒரு நம்பர் எழுதினால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது! முதல் ரூட்மாஸ்டரையே எடுத்துக் கொள்ளுங்கள். 1956ல் அது 2-ஆம் நம்பர் வழியில் ஓட ஆரம்பித்தபோது, ரேடியேட்டர் முன்பக்கம் இல்லை; தரைக்கு அடியில் இருந்தது. பின்னால்தான் முன்பக்கம் மாற்றினார்கள். ஆகவே அந்த வண்டியின் முதல் நாளைக் கட்டுகிறவர், எல்லாரும் அறிந்த அந்தச் சல்லடை முகத்தை வைத்தால் தப்பு. அதே பஸ்ஸில் நீளமான ரகம் ஒன்று உண்டு. அதன் நடுவில் குட்டி ஜன்னல் ஒன்று கூடுதலாக இருக்கும். அதை விட்டுவிட்டு நம்பரை மட்டும் எழுதினால் அதுவும் தப்பு.

யார் கவனிக்கப் போகிறார்கள் என்கிறீர்களா? அந்தப் பஸ்ஸில் தினம் வேலைக்குப் போனவர் கவனிப்பார். அதில் டிக்கெட் கிழித்தவர் கவனிப்பார். லண்டனில் ரூட்மாஸ்டர் அன்றாடப் போக்குவரத்தில் ஓடிய கடைசி நாள் 2005 டிசம்பர் 9. 159-ஆம் நம்பர் வழி. வழி நெடுக ஜனங்கள் கூடி நின்று வழியனுப்பினார்கள். அவர்கள் வழியனுப்பியது பொதுவாக ஒரு பஸ்ஸை அல்ல. ஒவ்வொருவரும் தாம் ஏறிய பஸ்ஸை வழியனுப்பினார்கள். இந்த நுணுக்கமெல்லாம் அதற்காகத்தான். நல்ல மாதிரி என்பது ஒரு குறிப்பிட்ட வண்டியின் ஒரு குறிப்பிட்ட நாள்.

'இத்தனைதான் செய்தோம்' என்று எண்ணிட்டு, சான்றுச் சீட்டோடு விற்கிறார்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைவேலையில் அந்த எண்ணிக்கைக்கு நியாயம் உண்டு. சூடு படப் பட ரப்பர் அச்சு தேய்ந்துவிடும்; மனிதர் கண்ணும் தேயும். எஃகு அச்சில் ஆயிரக்கணக்கில் அடிக்கிற தொழிற்சாலையோ, இத்தனையோடு நிறுத்துகிறோம் என்று தானே முடிவு செய்கிற விஷயம். ஆகவே சீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ஜன்னல் கம்பம் மெல்லிசா, பட்டை நேராக ஓடுகிறதா, நம்பரும் முகமும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். நாளைக்கு விலை ஏறும் என்று நகை வாங்குகிற மாதிரி வாங்குவதும் வேண்டாம். பிடித்தால் வாங்குங்கள்.

இனி தீர்ப்பு. அறுபது வயது மனுஷர் மெனக்கெடலாமா? தாராளமாக மெனக்கெடலாம். ஆனால் மேஜை விஷயத்தில் நான் முழுக்க முழுக்க உங்கள் கட்சி! அந்த வெள்ளீயக் கலவைகள் சிலவற்றில் காரீயமும் சேர்ந்திருக்கும். அரத்தால் தேய்த்த தூள் சோற்றில் படக் கூடாது. குழந்தைகள் கையில் படக் கூடாது. பெயிண்டும் பசையும் காற்றோட்டமில்லாத இடத்தில் ஆகாது. ஜன்னலோரமாய்த் தனி மேஜை போட்டுக் கொள்ளச் சொல்லுங்கள். தூளை ஈரத் துணியால் துடைத்து எடுக்கட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு சாப்பிட வரட்டும். இது வேண்டுகோள் அல்ல, உத்தரவு என்றே சொல்லுங்கள்.

அத்துடன் இன்னொரு யோசனை. பம்பாயில் மாடி பஸ் 1937ல் வந்தது. 2023 பிப்ரவரியில் குளிர்சாதன மின்சார மாடி பஸ்கள் வந்துவிட்டன. நீங்கள் ஏறிய பழைய டீசல் மாடி பஸ் அதே வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதியோடு ஓய்ந்தது. லண்டன் பஸ் முடிந்ததும், அடுத்ததாக மாட்டுங்கா பஸ்ஸைக் கட்டச் சொல்லுங்களேன். அதற்குத் துண்டுகள் பெட்டியில் கிடைக்காவிட்டால், அட்டையிலும் தகட்டிலும் அவரே வெட்டிக் கொள்ளட்டும். மாடிப்படி எந்தப் பக்கம் திரும்பியது, மேல்மாடியில் முன் ஸீட்டு என்ன நிறம் என்று அவர் ஒவ்வொன்றாய் உங்களிடம்தான் வந்து கேட்க வேண்டியிருக்கும்.

நீங்கள் இருவரும் அடிக்கடி ஏறிய அந்தப் பஸ்ஸின் நம்பர் என்ன? அவரைக் கேட்காமல் நீங்களே நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு அவர் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒன்றாயிருந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். வேறு வேறாயிருந்தால் கட்டாயம் எழுதுங்கள்!