ரயில் சத்தமும் சங்கீதம்தானா?

சென்ற மாதம் நம் சங்கத்தின் இசைக்குழுக் கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். மூன்றாம் ஞாயிறுதோறும் நாம் கூடி ஒலிப்பதிவுகள் கேட்கிறோம் அல்லவா, அதில் ஒரே ஒரு தடவை, அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் என்பவரின் ‘டிஃபரண்ட் டிரெய்ன்ஸ்’ என்னும் படைப்பைப் போடலாம் என்றேன். வயலின்களும், ரயில் சத்தமும், மனிதர்களின் பேச்சும் கலந்தது என்று விளக்கினேன். “சார் ரிடையர் ஆனாலும் ரயிலை விடமாட்டார் போலிருக்கிறது” என்றார் ஒரு நண்பர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குள் டீயும் போண்டாவும் வந்துவிட, விஷயம் அத்துடன் முடிந்தது. கூட்டத்தில் சொல்ல வராததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்று. எனக்கு ராக ஞானம் கிடையாது. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து 1980-ல் ரயில்வேயில் சேர்ந்தேன். 39 வருடங்கள் கேரேஜ் அண்ட் வேகன் பகுதியிலேயே கழிந்தன. ஆனால் எங்கள் தொழிலில் காதுக்கு வேலை உண்டு. ரயில் நிலையத்திற்குள் நுழையும்போது நாங்கள் இருபுறமும் உட்கார்ந்து சக்கரங்களைப் பார்ப்போம். பார்ப்பதை விடக் கேட்போம். பிரேக் பிடித்துத் தேய்ந்து தட்டையான சக்கரம் ‘டொக், டொக்’ என்று தன்னைத்தானே காட்டிக் கொடுத்துவிடும். சுத்தியலால் தட்டினால் நல்ல சக்கரம் மணி போல் ஒலிக்கும். விரிசல் விட்டது உடைந்த சட்டி போல் ஒலிக்கும். பழைய தண்டவாளங்கள் 13 மீட்டர் நீளம். 47 விநாடியில் எத்தனை ‘தடக்’ என்று எண்ணினால், வண்டி மணிக்கு அத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கணக்கு. இப்போது தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்துவிட்டதால் அந்தத் தாளம் போய்விட்டது. என் பேரனிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோதுதான் அவன், “தாத்தா, அப்படியானால் நீங்கள் இதைக் கேட்கவேண்டும்” என்று காதில் மாட்டிவிட்டான்.

முதல் ஐந்து நிமிடம் எரிச்சலாகத்தான் இருந்தது. யாரோ பேசுகிறார்கள், பேசிய நாலு வார்த்தையையே திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள், வயலின் அதையே பின்தொடர்கிறது. ஸ்டேஷன் அறிவிப்பைப் பல்லவியாக்கியது போல் இருக்கிறதே என்று கழற்றப் போனேன். அப்போது ஒரு எஞ்சின் ஊதியது. எடுக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

இதன் கதை இதுதான். ரைஷ் 1936-ல் நியூயார்க்கில் பிறந்த யூதர். குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் பிரிந்துவிட்டனர். தாய் லாஸ் ஏஞ்சலீஸில், தந்தை நியூயார்க்கில். 1939 முதல் 1942 வரை அந்தப் பிள்ளை தன்னை வளர்த்த பணிப்பெண்ணின் துணையோடு இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே அமெரிக்காவின் குறுக்கே ரயிலில் போய்வந்தபடி இருந்தது. பின்னாளில் அவருக்கு ஒரு நினைப்பு வந்தது: அதே வருடங்களில், அதே வயதில், ஐரோப்பாவில் இருந்திருந்தால் தான் ஏறியிருக்கக்கூடிய ரயில் வேறு அல்லவா? அந்த நினைப்பிலிருந்து பிறந்ததுதான் 1988-ல் செய்த இந்தப் படைப்பு. கிரோனோஸ் குவார்ட்டெட் என்னும் நால்வர் குழு வாசித்து 1989-ல் இசைத்தட்டாக வந்தது. 1990-ல் கிராமி பரிசும் கிடைத்தது. மொத்தம் 27 நிமிடங்கள். போருக்கு முன் அமெரிக்கா, போர்க்காலத்தில் ஐரோப்பா, போருக்குப் பின் என்று மூன்று பகுதிகள்.

செய்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ரைஷ் ஒரு டேப் ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு தம்மை வளர்த்த அந்த அம்மாளிடம் போனார். அவருக்கு அப்போது எழுபதுக்கு மேல். பிறகு, அதே மார்க்கத்தில் புல்மன் தூங்கும் பெட்டிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லாரன்ஸ் டேவிஸ் என்ற முதியவரிடம் போனார். நாஜிகளிடமிருந்து பிழைத்து அமெரிக்கா வந்த, தம் வயதை ஒத்த மூவரின் பேச்சை ஒலிப்பதிவுக் காப்பகங்களிலிருந்து எடுத்தார். அந்தக் காலத்து ரயில் ஓசைகளையும் தேடிச் சேர்த்தார். பிறகு அந்தப் பேச்சில் இருந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே ஸ்வரமாக எழுதினார். பெண் பேசினால் வயோலா அந்த மெட்டை எடுக்கும். ஆண் பேசினால் செல்லோ. ஒவ்வொருவர் பேச்சின் வேகம் மாறும்போதும் மொத்த இசையின் வேகமும் மாறும். அதாவது ரைஷ் ராகம் போட்டு அதில் வார்த்தையை உட்காரவைக்கவில்லை. கிழவியும் கிழவரும் பேசிய பேச்சிலேயே ராகம் இருந்தது. அவர் அதைக் கேட்டு எழுதினார். நம் வீட்டுப் பெரியவர்களில் ஒருவர் கோயமுத்தூர்க்காரராகவும் ஒருவர் நாகர்கோவில்காரராகவும் இருந்தால், வார்த்தை புரியாத அடுத்த அறையிலிருந்தே யார் பேசுகிறார் என்று தெரிந்துவிடுகிறதே, அந்த ராகத்தைத்தான் சொல்கிறேன்.

ஊதலிலும் வித்தியாசம் உண்டு. அமெரிக்க எஞ்சின்களின் ஊதல் நீண்டு, சுருதியோடு ஒலிக்கும். இரண்டாம் பகுதியில் வரும் ஐரோப்பிய எஞ்சின்கள் சுருக்கமாக, கீச்சென்று கத்தும். கூடவே விமானத் தாக்குதல் சங்கும் சேர்ந்துகொள்ளும். மாட்டுப் பெட்டிகளில் ஏற்றப்பட்டதையும், நான்கு பகல் நான்கு இரவு போனதையும், வாயில் நுழையாத போலந்து ஊர்ப்பெயர்களையும் அந்தக் குரல்கள் சொல்கின்றன. அலறல் ஒன்றும் இல்லை. சாதாரணமாக, நம் வீட்டுப் பெரியவர்கள் பழைய கதை சொல்வது போலவே சொல்கிறார்கள்.

இங்கேதான் எனக்குத் தூக்கம் போயிற்று. ஜெர்மன் ரயில்வே அந்த வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கியது. மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு. குழந்தைகளுக்குப் பாதிக் கட்டணம். 400 பேருக்கு மேல் என்றால் கூட்டுப் பயணச் சலுகை. அழைத்துப் போனவர்களுக்கு ஒருவழி. காவலர்களுக்கு மட்டும் போகவர. இதெல்லாம் வரலாற்று ஆசிரியர்கள் அந்த ரயில்வேயின் காகிதங்களிலிருந்தே எடுத்துக் காட்டியவை. கட்டணம் போட ஓர் எழுத்தர் இருந்திருந்தால், பெட்டியைச் சோதிக்க என்னைப் போல் ஒருவனும் இருந்திருப்பான். நான் என் உத்தியோகத்தில் எத்தனை ஆயிரம் பிரேக் பவர் சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்! பெட்டிகள் எத்தனை, பிரேக் எத்தனை சதவிகிதம் என்று எழுதுவோம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க அதில் எங்களுக்கு ஒரு கட்டம் கிடையாது. அந்த மனிதனும் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டியிருப்பான். சக்கரம் மணி போல் ஒலித்திருக்கும். வண்டி தகுதியானது என்று எழுதியிருப்பான். ரைஷின் படைப்பில் போர்ட்டரின் குரல் இருக்கிறது, இந்த ஆளின் குரல் இல்லை. அது ஒரு குறை என்றே நினைக்கிறேன். 1985-ல் வந்த ‘ஷோவா’ என்ற ஆவணப்படத்தில் டிரெப்ளிங்காவுக்கு வண்டி ஓட்டிய போலந்து டிரைவர் பேசுகிறார். அதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. நான் பிறந்த ஊர் போத்தனூர். 1921 நவம்பரில், மாப்பிளைக் கலகத்தில் கைதானவர்களில் சுமார் 100 பேரை திரூரில் ஒரு மூடிய சரக்குப் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள். எங்கள் ஊரில் கதவைத் திறந்தபோது பலர் மூச்சு முட்டிச் செத்துக் கிடந்தார்கள். இறந்தவர்கள் மொத்தம் 60-க்கும் மேல். எங்கள் அப்பத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவருடைய தகப்பனார் அங்கே பாயிண்ட்ஸ்மேன். “வழியெல்லாம் கத்துனாங்களாம் கண்ணு. இங்க வந்து தொறக்கறப்ப சத்தம் கொறஞ்சு போச்சுன்னு எங்கய்யன் சொல்லுவாரு” என்று அப்பத்தா சொல்வார். வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. ‘கொறஞ்சு போச்சு’ என்பதை அவர் இழுத்துச் சொல்லும் விதம் ஒன்று உண்டு. அது எனக்கு இப்போது காதில் வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை.

1981-ல் முதல் முதலாகச் சேமித்த பணத்தில் ஒரு டேப் ரிக்கார்டர் வாங்கினேன். 1984-ல் அப்பத்தா காலமானார். அந்த மூன்று வருடங்களில் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டுதான் போனேன். ரேடியோவில் வந்த சினிமாப் பாட்டுகளைப் பதிவு செய்தேன். ஒரு பாட்டின் நடுவே அப்பத்தா யாரையோ கூப்பிட்டார் என்று, “சத்தம் போடாதே, பதிவாகிவிடும்” என்று நானே அடக்கினேன். அந்த நாடாவில் அவர் குரல் ஒரு விநாடி இருந்தது. அந்தப் பகுதியை அழித்து மறுபடி பாட்டைப் பதிவு செய்தேன்.

இது சங்கீதமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 1948-லேயே பாரிஸில் பியர் ஷேஃபர் என்ற வானொலிப் பொறியாளர் பாட்டிஞோல் ரயில் நிலையத்து எஞ்சின் ஓசைகளைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி ஒரு சிறு இசை செய்தார். ‘எலெக்ட்ரோ அக்கூஸ்டிக்’ என்று இன்று சொல்லும் இசை அப்படியெல்லாம் தொடங்கியதுதான். எனக்கு அதைவிட ரைஷ் செய்தது மேலாகப் படுகிறது. ஷேஃபரிடம் எஞ்சின் மட்டும்தான், ரைஷிடம் பயணிகள் இருக்கிறார்கள். அதற்காகத் தியாகராஜரை ஓரம் கட்டச் சொல்லவில்லை. மார்கழியில் நானும் சபாவில் முன்வரிசையில் இருப்பவன்தான். ஆனால் நல்ல சங்கீதம் கேட்பவர்கள் நல்லவர்களாகிவிடுவார்கள் என்று நம் ஆண்டு விழாவில் ஒவ்வொரு தலைவரும் பேசுகிறார்களே, அவர்கள் இதன் முடிவைக் கேட்கவேண்டும். நல்ல குரல் வளம் உள்ள ஒரு பெண் பாடியதையும், ஜெர்மானியர்கள் அதை ரசித்து இன்னும் பாடு என்று கேட்டுக் கைதட்டியதையும் அந்தக் குரல் சொல்லி நிறுத்துகிறது. பிறகு வயலின்கள் மட்டும் கொஞ்ச நேரம் கேட்கின்றன.

ஆகவே குழுவினருக்கு என் வேண்டுகோளை மாற்றிக்கொள்கிறேன். 27 நிமிடம் அதிகம் என்றால் முதல் பகுதி மட்டும் போடலாம். ஒன்பது நிமிடம்தான், போண்டா ஆறாது. ஆனால் அன்று நம் அங்கத்தினர்களில் எண்பதைத் தாண்டிய பெரியவர்களை அழைத்து வாருங்கள். ஜி.டி. எக்ஸ்பிரஸில் தகர டிரங்குப் பெட்டியும் ஒரு முகவரிச் சீட்டுமாக நாகபுரியில் வந்து இறங்கியவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் பதிவு செய்யும் போன் இருக்கிறது. எந்த ஊரிலிருந்து, யாரோடு, என்ன சாப்பிட்டுக்கொண்டு வந்தார்கள் என்று கேட்டுப் பேசவிடுவோம். இந்தி கலந்து பேசினால் திருத்த வேண்டாம். பின்னணியில் குக்கர் விசில் அடித்தால் அடிக்கட்டும், நிறுத்த வேண்டாம். பதிவுகளைப் பத்திரப்படுத்தும் வேலையை நானும் என் பேரனும் ஏற்றுக்கொள்கிறோம். ஞாயிறு காலை பதினொரு மணிக்குச் சங்க நூலக அறையில் இருப்பேன்.