விதியா? பிரேக்கா?

தர்மபுரியிலிருந்து சேலத்திற்குப் போகும் 44-வது தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர்க் கணவாய் என்பதாக ஒரு பெரிய இறக்கம் இருப்பது நமது வாசகர்களில் அநேகருக்குத் தெரிந்த விஷயமேயாகும். அங்கு 2020-ம் வருஷம் டிசம்பர் மாதம் 12-ந் தேதி ஒரு பார லாரி கட்டுக்கடங்காமல் ஓடி, வரிசையாய் நின்றிருந்த பல வண்டிகளின்மேல் பாய்ந்ததில் நான்கு பேர் மாண்டார்கள். மறுபடியும் 2024-ம் வருஷம் ஜனவரி மாதம் 24-ந் தேதி அதே இறக்கத்தில் ஒரு லாரி முன்னே சென்ற வண்டிகளின்மேல் மோத, நடுவில் அகப்பட்ட கார் நசுங்கித் தீப்பற்ற, அன்றும் நான்கு பேர் மாண்டார்கள். இவை ஊர் முழுதும் பேசப்பட்ட இரண்டு மாத்திரமே. பேசப்படாமல் போனவை இன்னும் எத்தனையோ உண்டு.

இப்படி ஒவ்வொரு விபத்து நடந்த மறுநாளும் நமது ஜனங்கள் சொல்லுகின்ற சமாதானம் என்னவென்று பார்த்தால், "என்ன செய்வது? அவர்கள் விதி அவ்வளவுதான்" என்பதேயாகும். நாம் கேட்கின்றோம்: விதிக்குத் தொப்பூரின்மேல் மாத்திரம் அப்படி என்ன தனிப் பிரியம்? சமதரையான ரோட்டில் விட்டுவிட்டு, இறக்கமும் வளைவும் உள்ள இடமாய்ப் பார்த்து, அதிலும் பாரம் ஏற்றிய வண்டியாய்ப் பார்த்து, விதி ஏன் வந்து உட்கார்ந்துகொள்ள வேண்டும்? ஒரே இடத்தில் ஒரே மாதிரியான காரியம் திரும்பத் திரும்ப நடக்குமானால், அதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும் என்று எண்ணுவதுதான் மனிதனுடைய அறிவுக்கு அழகாகுமே தவிர, நெற்றியைத் தடவிப் பார்த்துக் கொள்ளுவது அழகாகாது.

அந்தக் காரணம் மிகவும் எளிதானது. ஏழு பேரும் மூட்டை முடிச்சுமாய்ச் சேர்ந்து 2 டன் எடையுள்ள ஒரு குடும்ப வண்டி 100 மீட்டர் உயரம் கீழே இறங்குகிறதென்று வைத்துக் கொள்ளுவோம். அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி முழுவதையும் பிரேக்கினால் மட்டுமே தடுப்பதானால், அவ்வளவும் உஷ்ணமாய் மாறியாக வேண்டும். அந்த உஷ்ணம் சுமார் 6 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இவ்வளவும் உள்ளங்கை அகலமுள்ள சில பிரேக் கட்டைகளின்மேல் இறங்கினால் அவை என்ன ஆகும்? கட்டை காய்ந்து பிடிப்பை இழக்கின்றது. பிரேக் ஆயில் பழையதாயிருந்து தண்ணீர் ஈரம் கலந்திருந்தால் அதுவும் கொதித்து ஆவியாகின்றது. அப்புறம் காலை எவ்வளவு அழுத்தினாலும் பெடல் பஞ்சுபோல் உள்ளே போகுமே ஒழிய வண்டி நிற்காது. 30 டன் லாரிக்கு இதே கணக்கைப் பதினைந்து மடங்காக்கிப் பார்த்தால், தொப்பூரில் "விதி" என்பது எங்கிருந்து வருகின்றது என்று தெரிந்துவிடும்.

ஆகவே இறக்கத்தில் பிரேக்கின் வேலையை இஞ்சினுக்குப் பங்கு கொடுக்க வேண்டும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் பாடம். இறக்கம் தொடங்குமுன்பே இரண்டாவது அல்லது மூன்றாவது கியருக்கு வந்துவிட வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியானாலும் கியரைத் தாழ்த்தி நிறுத்திக் கொள்ள அதில் வழி உண்டு. பிரேக்கை ஓயாமல் மிதித்துக்கொண்டே வராமல், வேகம் ஏறுகின்றபோது நன்றாய் அழுத்திக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். கருகிய வாடை வந்தால் அது பிரேக் கொடுக்கும் எச்சரிக்கை என்று அறிந்து, பத்திரமான இடம் பார்த்து ஓரங்கட்டி ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுச் சூடான தட்டின்மேல் தண்ணீரை ஊற்றுவது கூடாது.

நமது ஆட்களில் சிலரோ டீசல் மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு இறக்கத்தில் நியூட்ரலில் விடுகின்றார்கள். இதைப்போல் அறியாமை வேறில்லை. இக்காலத்து வண்டிகளில் கியரில் இருக்க ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால், இஞ்சினுக்கு எண்ணெய் போவதே நின்றுவிடும்படி அமைத்திருக்கின்றார்கள். நியூட்ரலில் விட்டாலோ இஞ்சின் அணையாமலிருக்க எண்ணெய் செலவாகிக் கொண்டேதான் இருக்கும். ஆக, எண்ணெயும் மிச்சமில்லை, உயிருக்கும் உத்தரவாதமில்லை. இஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகின்றவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இஞ்சின் நின்றால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் இருக்கும் துணைச் சக்தி போய்விடும். சாவியை உருவினால் ஸ்டியரிங்கும் பூட்டிக் கொள்ளும்.

நிற்க. இப்பொழுதெல்லாம் பெண்ணாகரத்திலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் நடுத்தரக் குடும்பத்தார் கூடக் கடன் பட்டாவது எஸ்.யு.வி. என்று சொல்லப்படும் உயரமான பெரிய வண்டியை வாங்குகின்றார்கள். இதைப்பற்றி நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. ஒரு காலத்தில் கட்டைவண்டியில்கூட ஏறிப்போக உரிமையில்லையென்று தடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்று சொந்த மோட்டாரில் போவதைப் பார்த்து நாம் சந்தோஷப்படவே செய்கின்றோம். ஆனால் வண்டி வந்தவுடன் செய்கின்ற காரியத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கின்றது. நல்ல நேரம் பார்க்கின்றார்கள். நான்கு சக்கரத்திற்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகின்றார்கள். முன்னால் மிளகாயும் பழமும் கட்டித் தொங்கவிடுகின்றார்கள். ஆயுத பூசையன்று நடுரோட்டில் பூசணிக்காயை உடைத்து, பின்னால் வரும் இரு சக்கர வண்டிக்காரன் வழுக்கி விழும்படி செய்கின்றார்கள். இத்தனையும் செய்தவரிடத்தில், "உங்கள் டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும்?" என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கின்றார்! அந்த அளவு டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்திலேயே ஒட்டியிருக்கின்றது. பழம் வைக்கக் குனிந்தவர் அதே குனிவில் டயரைப் பார்த்திருந்தால் எவ்வளவு பிரயோஜனம்!

மேலும், காற்றுப்பையின் மூடிமேலேயே சிலையையும் படத்தையும் ஒட்டி வைக்கின்றார்கள். விபத்தில் அந்தப் பை கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும்போது, மேலே ஒட்டியிருக்கும் பொருள் குண்டுபோல் முகத்தில் பாயும் என்பதை யோசிப்பதில்லை. பின் கண்ணாடி முழுவதும் ஜாதிப் பெயரை எழுதிக்கொண்டு, பின்னால் வருகின்ற வண்டி தெரியாமல் ஓட்டுகின்றவர்களும் நமது ஜில்லாவில் உண்டு. ஜாதி கண்ணை மறைக்கும் என்பதற்கு இதைவிட வேறென்ன ருசு வேண்டும்?

அன்றியும் ஒரு விஷயம். வாடகைக்கு ஓடும் வண்டிக்குக் குறிப்பிட்ட காலத்திற்கொருதரம் எப்.சி. என்று பரீட்சை உண்டு. சொந்தக் குடும்ப வண்டிக்கோ பதிவு செய்த நாளிலிருந்து 15 வருஷத்திற்கு அப்படி ஒன்றுமில்லை. அப்படியானால் அந்த 15 வருஷமும் பரீட்சை செய்ய வேண்டிய அதிகாரி யார்? சொந்தக்காரரேயாவார். ஆகவே அவர் அந்த உத்தியோகத்தைச் சரியாய்ப் பார்க்க வேண்டாமா?

அதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. பதினைந்து நாளைக்கொருதரம், வண்டி ஓடிச் சூடேறாத காலை நேரத்தில், ஸ்டெப்னி உட்பட ஐந்து டயருக்கும் காற்று பார்க்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வெயிலில் நெடுந்தூரம் ஓடினால் பக்கவாட்டில் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். டயரின் பட்டைப் பள்ளம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே உதவாது. அதைக் காட்டும் சிறு மேடு பள்ளத்திற்குள்ளேயே இருக்கின்றது. பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 3522 என்றிருந்தால் 2022-ம் வருஷம் 35-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். பட்டை தேயாவிட்டாலும் ரப்பர் கிழடாகி வெடித்த டயர் ஆகாது. இஞ்சின் ஆயிலும் கூலண்டும் பிரேக் ஆயிலும் அளவுக்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்குமாகையால், குறையாவிட்டாலும் இரண்டு வருஷத்திற்கொருதரம் மாற்றிவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது. விளக்குகளும் வைப்பரும் மழை வருமுன்னே பார்க்கத்தக்கவை.

இனி ஓட்டுவதில் கவனிக்க வேண்டியது. இவ்வித வண்டி உயரமானதால் உட்கார்ந்திருப்பவனுக்குத் தான் யானைமேல் போவதாக ஒரு தைரியம் வருகின்றது. ஆனால் உயரம் என்பது கவிழ்வதற்கும் சௌகரியமானது. வளைவில் வேகமாய்த் திருப்புவதும், ஒக்கேனக்கல் போகின்றபோது கூரைமேல் பாத்திரம் பண்டம் ஏற்றுவதும் அந்த ஆபத்தை அதிகமாக்கும். மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 22 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளாகவே ஒரு வினாடி போய்விடும். வேகம் இரட்டித்தால் மோதலின் பலம் நான்கு மடங்காகும். முன் வண்டிக்கும் நமக்கும் குறைந்தது மூன்று வினாடி இடைவெளி வேண்டும். தொப்பூரிலோ இரண்டு லாரிகளுக்கு நடுவில் புகுந்து போவதும், படம் பிடிக்க ஓரத்தில் நிறுத்துவதும் அடியோடு கூடாது.

பெல்ட் விஷயத்தில் நமது குடும்பத்தார் செய்யும் அநியாயத்திற்கு அளவே இல்லை. போலீசைக் கண்டவுடன் முன்னால் இருக்கின்ற இருவர் இழுத்துப் பிடித்துக் கொள்ளுகின்றார்கள். பின்னால் இருக்கின்றவர்களுக்குப் பெல்ட் இருப்பதே தெரிவதில்லை. பெரும் பணக்காரரான சைரஸ் மிஸ்திரி 2022-ம் வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி விலையுயர்ந்த இத்தகைய வண்டி ஒன்றில் பின் ஆசனத்தில் பெல்ட் போடாமல் போய்த்தான் மாண்டார். 50 கிலோ மீட்டர் வேகத்தில் மோதுவது 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்றாவது மாடியிலிருந்து விழுகின்றவன் மடியிலுள்ள பிள்ளையைப் பிடித்துக் கொண்டிருக்க முடியுமா? அந்தக் கணத்தில் 10 கிலோ பிள்ளை நூறு கிலோவுக்கு மேற்பட்ட மூட்டையாக இழுக்கும். எந்தத் தாயின் அன்பும் அதற்கு ஈடுகொடுக்காது. ஆகவே குழந்தைக்கு அதன் வயதுக்கேற்ற தனி ஆசனம் வாங்கிப் பின்னால் கட்டவேண்டும். காதுகுத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்கின்றவர்களுக்கு இது பெரிய பாரமா? வெயிலில் அடைத்த வண்டிக்குள் பிள்ளையை ஒரு நிமிஷமும் விட்டுப்போகக் கூடாது. வண்டியைப் பின்னால் எடுக்குமுன் வாசலில் குழந்தை இருக்கின்றதா என்று இறங்கிப் பார்க்க வேண்டும். உயரமான வண்டிக்குப் பின்னால் தவழ்கின்ற பிள்ளை கண்ணாடியில் தெரியாது.

இந்த அறிவெல்லாம் எங்கிருந்து வந்தது? 1888-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்கின்ற ஒரு தாய், தன் இரண்டு பையன்களோடு மோட்டார் வண்டியில் நூறு கிலோ மீட்டருக்கு மேல் பயணம் போனார். வழியில் பிரேக் கட்டை தேய்ந்துபோகவே, ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியைக் கொண்டு அதன்மேல் தோல் வைத்து அடிக்கச் செய்தார். ஒரு பெண்ணின் யோசனையும் ஒரு தோல் தொழிலாளியின் கையும் சேர்ந்து செய்த காரியம் அது. நாமோ பெண்ணை அடுப்பங்கரையிலும் அத்தொழிலாளியைச் சேரிக்குள்ளும் தள்ளி வைத்துவிட்டுச் சக்கரத்திற்குப் பழம் வைத்துக் கொண்டிருந்தோம். 1959-ல் நில்ஸ் போலின் என்பவர் மூன்று முனைப் பெல்ட்டை அமைத்தார். அவர் வேலை பார்த்த வால்வோ கம்பெனியார் அந்த உரிமையை மற்றக் கம்பெனிகளும் உபயோகிக்க விட்டுவிட்டார்கள். அந்தப் பெல்ட் ஜாதி மதம் பார்க்காமல் போட்டுக் கொண்டவரையெல்லாம் காப்பாற்றி வருகின்றது.

"நாம் ஒழுங்காய்ப் போனாலும் பின்னால் வரும் லாரி வந்து மோதினால் என்ன செய்வது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2024-ல் காரில் இருந்தவர்கள் செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. ஆனால் அதுவும் விதியல்ல. அளவுக்குமேல் பாரம் ஏற்றுகின்ற முதலாளியின் பேராசையும், தூக்கமில்லாமல் ஓட்டும்படி நிர்ப்பந்திக்கப்படுகின்ற டிரைவரின் வறுமையும், சாலை அமைப்பின் கோளாறுமே அதற்குக் காரணம். விதி என்று சொல்லுவதனால் இவர்களெல்லாம் தப்பித்துக் கொள்ளுகின்றார்கள். பார வண்டிகளின் பிரேக்கைச் சோதிப்பதும், இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்துவதும், சாலையைத் திருத்துவதும் சர்க்காரின் கடமையென்று ஜனங்கள் கேட்க வேண்டும். உயரச் சாலை போடுவது நல்லதே. ஆனால் எந்தச் சாலையும் தேய்ந்த பிரேக்கை மன்னிக்காது.

கலியாணத்திற்குப் போகின்றவர்கள் வாடகை டிரைவரை இரவெல்லாம் வண்டியிலேயே கிடக்கச் செய்து, கடைசிப் பந்திக்குப் பின் மிச்சத்தைக் கொடுத்து, விடியற்காலையில் "கிளப்பு" என்று அதட்டுகின்ற வழக்கமும் ஒழிய வேண்டும். தங்கள் குடும்பத்தின் உயிர் முழுவதும் அம்மனிதனுடைய இரண்டு கண்களில் இருக்கின்றது என்ற நினைவாவது வேண்டாமா? அவருக்கு முதற் பந்தியில் சோறும், படுக்க இடமும், மரியாதையான ஒரு வார்த்தையும் கொடுப்பது தங்களுக்கே நன்மையாகும்.

ஆகவே வாசகர்களைக் கேட்டுக் கொள்ளுவதெல்லாம், அடுத்த ஆயுத பூசையன்று வாங்கும் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து வீட்டிலுள்ளவர்களோடு குடித்துவிட்டு, மனைவியையும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டயரையும் பிரேக்கையும் பெல்ட்டையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதேயாகும். பெண்களும் ஓட்டக் கற்றுக் கொள்ளட்டும். இறக்கத்தில் காப்பாற்றுவது தாழ்ந்த கியரும் விழித்த கண்ணுமே தவிர வேறல்ல.