தும்பா சொன்ன ஆமென்

ஒருவரின் விசுவாசம் உண்மையா என்பதை ஞாயிறு பூசைக்கு வருவதைக் கொண்டு கண்டுபிடித்துவிட முடியாது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவின் மீனவர்களிடம் 1960களின் தொடக்கத்தில் கேட்கப்பட்டது அவர்களுடைய கோயிலையே. பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் ராக்கெட் தளத்துக்கு அந்தக் கடற்கரை வேண்டும் என்றார் விக்ரம் சாராபாய். ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா தாமாக முடிவு சொல்லவில்லை. பூசைக்கு வந்த மக்களிடமே கேட்டார், அவர்கள் ‘ஆமென்’ என்றார்கள் என்று எழுதியிருக்கிறார் அப்துல் கலாம். (ஜெபத்தின் முடிவில் தினமும் சொல்லும் சொல்தான். அன்று அதற்கு விலை, கோயிலோடு குடியிருந்த வீடும்.) புனித மகதலேனா மரியாள் ஆலயத்தில் ராக்கெட் வேலை தொடங்கியது, ஆயர் இல்லமும் பணியிடமானது. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் பாய்ந்தது. மக்களுக்கு வேறிடத்தில் புதிய ஆலயம் எழுந்தது. பழையது இன்று விண்வெளி அருங்காட்சியகம்.