மேசைக்கு அடியில் கிடக்கும் கவர்கள்

தபால்தலைக் கண்காட்சிக்குப் போனால், டீலர்களின் மேசைக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். மேசைமேல் பரப்பி வைக்கத் தகுதியில்லை என்று அவர்கள் ஒதுக்கிய பழைய கவர்கள் அதில் கிடக்கும். அந்தப் பெட்டிகளில் ஒரு வகைக் கவர் அடிக்கடி கண்ணில் படும். தபால் வழியே ஹிப்னாடிசம் கற்றுத் தருகிறோம், காந்த சக்தியால் நோய் தீர்க்கிறோம், பிறந்த தேதியை அனுப்பினால் உங்கள் வாழ்க்கையையே எழுதி அனுப்புகிறோம் என்று நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் விளம்பரம் செய்த கம்பெனிகளுக்கு ஜனங்கள் எழுதிய கவர்கள் அவை.

"அது மோசடிக் கம்பெனிக் குப்பை. அஞ்சல் வரலாறு சேகரிக்கிறவன் அதையெல்லாம் தொடக்கூடாது." சங்கக் கூட்டங்களில் மூத்த சேகரிப்பாளர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் புத்திமதி இது. அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தப் புத்திமதியால் எத்தனை கவர்களில் தபால்தலை மட்டும் வெட்டியெடுக்கப்பட்டு, மீதி கிழித்தெறியப்பட்டிருக்கும் என்று நினைத்தால் மனம் பதறுகிறது. அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

முதல் காரணம்: அஞ்சல் வரலாறு என்பது கட்டணம், பாதை, முத்திரை பற்றியது, கவருக்குள் நடந்த வியாபாரம் நல்லதா கெட்டதா என்பது தபாலுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

அமெரிக்கத் தபால் துறையை எடுத்துக்கொண்டால், இந்த வாதம் முதல் அடியிலேயே விழுந்துவிடும். 1872இல் வந்த அஞ்சல் சட்டம், மோசடிக்குத் தபாலைப் பயன்படுத்துவதைக் குற்றமாக்கியது. அதோடு போஸ்ட்மாஸ்டர் ஜெனரலுக்கு ஓர் அதிகாரமும் கொடுத்தது. ஒரு கம்பெனி ஏமாற்றுகிறது என்று போதிய ஆதாரத்துடன் அவர் முடிவு செய்தால், அந்த ஊர் போஸ்ட்மாஸ்டருக்குத் தடை உத்தரவு போடலாம். அதன்பின் அந்தப் பெயருக்கு வரும் ரெஜிஸ்டர் தபாலைப் பட்டுவாடா செய்யாமல் திருப்பி அனுப்ப வேண்டும். மணியார்டர் பணத்தைக் கொடுக்கக்கூடாது. 1895இல் இந்த அதிகாரம் சாதாரணக் கடிதங்களுக்கும் நீண்டது. திருப்பும்போது ‘ஃப்ராடுலென்ட்’ (மோசடியானது) என்ற சொல்லைக் கவரின் வெளிப்புறத்தில் தெளிவாக எழுத வேண்டும் அல்லது முத்திரையாக இட வேண்டும் என்று சட்ட வாசகமே சொன்னது. சட்டப் புத்தகத்தில் இருந்த ஒரு சொல் அப்படியே ரப்பர் முத்திரையாகிக் கவர்மேல் ஏறியிருக்கிறது. இதைவிட நேரடியான அஞ்சல் வரலாறு வேறென்ன வேண்டும்?

கடிதத்தைப் பிரித்துப் பார்க்காமல் ஏன் முகவரியை மட்டும் பார்த்துத் திருப்பினார்கள்? ஒட்டிய கடிதம் வீட்டுக்குள் இருக்கும் காகிதத்துக்குச் சமம், நீதிமன்ற வாரன்ட் இல்லாமல் பிரிக்கக்கூடாது என்று 1878இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே தபால் துறையின் கையில் மிஞ்சியது கவரின் முகப்பு ஒன்றுதான். கம்பெனிகளுக்கும் இது தெரிந்தது. பெயரையும் முகவரியையும் மாற்றினால் உத்தரவிலிருந்து நழுவலாம். அன்றைய போராட்டம் முழுவதும் கவரின் முகப்பில்தான் நடந்தது.

லூசியானா லாட்டரிக் கம்பெனியின் கவர்கள் இதற்கு மிக நல்ல சாட்சி. 1868இல் மாநில அரசிடம் 25 ஆண்டு உரிமம் வாங்கிய கம்பெனி அது. உள்நாட்டுப் போரில் பேர்பெற்ற தளபதிகள் போரகார்ட், ஏர்லி இருவரையும் மேடையில் உட்காரவைத்துக் குலுக்கல் நடத்தியது. சீட்டுகளில் பெரும்பங்கு தபால் வழியாக வெளி மாநிலங்களில் விற்றது. முதலில் கவர்கள் நியூ ஆர்லியன்ஸில் எம். ஏ. டாஃபின் என்ற கம்பெனித் தலைவரின் பெயருக்கு வந்தன. அந்தப் பெயருக்கு வரும் ரெஜிஸ்டர் தபாலுக்குத் தடை வந்ததும், பணம் வைத்த கவரை நியூ ஆர்லியன்ஸ் நேஷனல் பேங்க் பெயருக்கு அனுப்பச் சொல்லி விளம்பரம் வந்தது. வங்கிக்கு வரும் தபாலை யார் நிறுத்துவார்கள்? 1890இல் லாட்டரித் தபாலுக்கு நாடு முழுவதும் தடை வந்தது. உரிமம் 1893 முடிவில் காலாவதியானது. கம்பெனி ஹோண்டுராஸுக்குப் பெயர்ந்தது. புது முகவரி: பால் கான்ராட், புவெர்ட்டோ கோர்ட்டெஸ், ஹோண்டுராஸ், மேல்பார்வை சென்ட்ரல் அமெரிக்கா எக்ஸ்பிரஸ், போர்ட் டாம்பா சிட்டி, புளோரிடா. எக்ஸ்பிரஸ் என்பது தனியார் பார்சல் சேவை. தபால் சட்டத்தின் கை எட்டாத ஒரு பாதையை முகவரிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அந்த ஓட்டையை அடைத்தது 1895ஆம் ஆண்டுச் சட்டம். டாஃபின் கவர், வங்கிக் கவர், ஹோண்டுராஸ் கவர் என்று மூன்றையும் ஒரே பக்கத்தில் ஒட்டினால், ஆண்டுக்கணக்கில் நடந்த துரத்தல் வாசிக்கக் கிடைக்கும். லாட்டரியின் புத்தகங்களிலோ விளம்பரங்களிலோ அது இப்படிக் கிடைக்காது.

இன்னொரு விஷயமும் உண்டு. உலகத் தபால்தலைச் சங்கக் கூட்டமைப்பின் கண்காட்சி விதிகளில், அஞ்சல் வரலாற்றுப் பிரிவுக்குள்ளேயே சமூகத்துக்கும் வணிகத்துக்கும் தபாலோடு இருந்த உறவை ஆராயும் உட்பிரிவு இருக்கிறது. மோசடிக் கவர்களுக்கு அங்கே இடமில்லை என்று சொல்ல விதியில் எதுவும் இல்லை.

இரண்டாவது காரணம் விலை பற்றியது. "எங்கும் கிடைக்கிறது, மலிவு. அதில் என்ன இருக்கிறது?" எனக்கு அதிகம் வருத்தம் தருவது இந்த வாதம்தான்.

நியூயார்க் மாநிலத்தில் ரோசெஸ்டர் என்ற ஊர். 1900 வாக்கில் அங்கே ‘நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் சயின்ஸ்’ என்று ஒரு நிறுவனம் இருந்தது. பெயரைக் கேட்டால் பல்கலைக்கழகம் என்று தோன்றும். ஹிப்னாடிசமும் பிறரை ஈர்க்கும் ‘காந்த சக்தி’யும் தபாலில் கற்றுத் தந்தது. நடத்தியவர்களில் முக்கியமானவர் எக்ஸ். லா மோட் சேஜ் என்ற மேடைப் பெயரில் வித்தை காட்டிய விர்ஜில் நீல். பிறகு பாரிஸுக்குப் போய் டோகலோன் என்ற முகப்பூச்சு வியாபாரத்தில் பெரும் பணம் பார்த்தவர். இலவசப் புத்தகம் அனுப்புகிறோம் என்று ரோசெஸ்டரிலிருந்து அவர்கள் செய்த விளம்பரத்துக்குக் கடல் கடந்தும் பதில் வந்தது.

உலகமே ஒரு முகவரிக்கு எழுதியதால்தான் இந்தக் கவர்கள் நிறைய மிஞ்சின. ஆனால் முகவரியை விட்டுவிட்டுப் புறப்பட்ட ஊரைப் பாருங்கள். ஒரு சிறு காலனித் தீவிலிருந்து 1905இல் போன கவர் வேண்டுமென்று தேடினால் கிடைப்பதில் பெரும்பாலானவை தபால்தலை சேகரிப்பாளர்கள் தங்களுக்கே அனுப்பிக்கொண்டவை. வரிசையாக எல்லா மதிப்புத் தலைகளும் ஒட்டி, கட்டணத்துக்கு மேல் மூன்று மடங்கு காசு போட்டு, முத்திரை அழகாக விழும்படி கெஞ்சி வாங்கியவை. அன்றாடத் தபால் அதில் இல்லை. காந்த சக்தி கற்க ஆசைப்பட்ட குமாஸ்தா அப்படிச் செய்யமாட்டார். எவ்வளவு கட்டணமோ அவ்வளவுதான் ஒட்டுவார்.

நம் பக்கத்துக் கணக்கிலேயே பார்க்கலாம். 1898 கிறிஸ்துமஸ் முதல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் தபால் கட்டணம் குறைந்தது. சென்னையிலிருந்து லண்டனுக்கு அரை அவுன்ஸ் கடிதம் 1 அணா. சாம்ராஜ்யத்துக்கு வெளியே இருந்த அமெரிக்காவுக்கோ பழைய சர்வதேசக் கட்டணமான 2½ அணா. லண்டனுக்குப் போன கவர் ஆயிரமாயிரம் உண்டு; அரசாங்கமும் வணிகமும் அந்தத் திசையில்தான் எழுதின. அமெரிக்காவுக்குச் சாதாரண மனிதர் ஒருவர் சொந்தக் காசில் 2½ அணா ஒட்டி எழுத என்ன காரணம் இருந்திருக்கும்? உறவுக்காரர் கிடையாது, வியாபாரம் கிடையாது. விளம்பரம் ஒன்றுதான் காரணமாக இருந்திருக்க முடியும். மொத்தமாக எண்ணினால் மலிவு, ஊர் ஊராகப் பிரித்தால் அரிது. டீலர் மொத்தக் கணக்குப் போடுகிறார். சேகரிப்பாளருக்கு அந்தக் கணக்கு போதாது.

முகவரியிலுள்ள ‘டிபார்ட்மென்ட்’ எண்ணையும் பாருங்கள். தபால் வியாபாரக் கம்பெனிகள் ஒவ்வொரு பத்திரிகை விளம்பரத்திலும் வேறு வேறு எண்ணோ எழுத்தோ போடும். பதில் கவரில் அந்த எண் வந்தால், எந்தப் பத்திரிகை காசைத் திருப்பித் தந்தது என்று குமாஸ்தா கணக்கு வைப்பார். இன்று அந்த எண்ணை வைத்து விளம்பரத்தைத் தேடலாம். கிடைத்துவிட்டால், அந்த மனிதர் எந்தப் பத்திரிகையில் எதைப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார் என்பது வரை போய்விடலாம். கவரின் பின்பக்கமும் முக்கியம். 1913 வரை அமெரிக்காவில் சாதாரணத் தபாலின் பின்னாலும் வந்து சேர்ந்த முத்திரை இடும் வழக்கம் இருந்தது. புறப்பட்ட நாளும் சேர்ந்த நாளும் ஒரே கவரில் இருக்கும். தலைக்காக முன்பக்கத்தை வெட்டி எடுத்தவர்கள் தூக்கிப்போட்டது இதைத்தான்.

மூன்றாவது: "ஏமாந்தவர்கள் படிக்காத பாமர ஜனங்கள். அவர்களுடைய கவரில் ஆராய என்ன இருக்கிறது?"

‘ஸ்பானிஷ் கைதி’ மோசடியின் கடிதங்கள் இதற்குப் பதில் சொல்லும். ஸ்பெயின் சிறையில் வாடும் ஒரு கனவான், அவரது பூட்டிய பெட்டி, அதில் பெரும் பணத்துக்கான ரகசியம், அநாதையாகப் போகும் மகள் - இப்படிக் கதை கட்டி ஸ்பெயினிலிருந்து வெளிநாடுகளுக்குக் கடிதம் போகும். பெட்டியை மீட்க உதவினால் மூன்றிலொரு பங்கோ நான்கிலொரு பங்கோ உங்களுக்கு. பெற்றவர்களில் கடைக்காரர்களும் பண்ணை முதலாளிகளும் பாதிரியார்களும் உண்டு. கைக்காசு உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்துத்தான் எழுதினார்கள். எழுத்தறியாதவரை நீண்ட கடிதத்தால் ஏமாற்ற முடியாது. இந்த வித்தைக்கு வயதும் அதிகம். பிரெஞ்சுத் துப்பறிவாளர் விடோக் 1828இல் வெளிவரத் தொடங்கிய தன் நினைவுக் குறிப்புகளில், சிறைக்கைதிகள் எழுதிய இதே மாதிரிக் கடிதங்களைப் பற்றிச் சொல்கிறார். நூறு அனுப்பினால் இருபதுக்குப் பதில் வந்துவிடுமாம்.

சேகரிப்பவருக்கு இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஸ்பானிஷ் கைதி பெரும்பாலும் பதிலைத் தந்தியில் கேட்பார். கடிதம் போட்டால் சிறைக்குள் வந்து சேராது என்பார். அதனால் இந்த மோசடியில் மிஞ்சியது மோசடிக்காரர்கள் அனுப்பிய கடிதம். சந்தேகப்பட்டவர்கள் போலீசிலும் தூதரகத்திலும் கொடுத்துவைத்ததால் மிஞ்சியது. ரோசெஸ்டர் வகையில் மிஞ்சியது ஏமாந்தவர்கள் எழுதிய கவர். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு ‘மோசடி’ என்று பெயர் எழுதினால் இந்த வேறுபாடு தொலைந்துவிடும்.

நான்காவதாக ஒன்று. இது எதிரணியின் வாதம் மட்டுமல்ல, இந்தக் கவர்களை விரும்புகிறவர்களும் நம்புவது: ‘ஃப்ராடுலென்ட்’ முத்திரை இருந்தால் மோசடி நிரூபணமாகிவிட்டது. அப்படி இல்லை. மிசௌரி மாநிலத்தில் நெவாடா என்ற சிற்றூரில் வெல்ட்மர் என்பவர் நடத்திய காந்த சிகிச்சைப் பள்ளிக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் வந்தது. 1900இல் தடை உத்தரவு போட்டுக் கடிதங்களைத் திருப்பத் தொடங்கினார்கள். பள்ளி வழக்குப் போட்டது. சிகிச்சை பலிக்குமா பலிக்காதா என்பது அபிப்பிராயம், அதை மோசடி என்று போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் முடிவு கட்ட இந்தச் சட்டம் இடம் தரவில்லை என்று 1902 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் நியாயம் எனக்கு முழுக்க ஒப்பவில்லை. தொலைதூரத்திலிருந்து மனத்தால் நோய் தீர்ப்பதாகக் காசு வாங்கியவர்கள் தப்பித்தார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த முத்திரையுள்ள கவரை ஆல்பத்தில் வைப்பவர் தீர்ப்பையும் பக்கத்தில் எழுதியாக வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. சர்வதேசப் பதில் கூப்பன் 1907இல் புழக்கத்துக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து பதில் வேண்டுகிறவர் கவருக்குள் அதை வைத்தால், பெற்றவர் தம் ஊர் தபால் நிலையத்தில் கொடுத்துத் தலை வாங்கிக்கொள்ளலாம். 1920இல் பாஸ்டனில் சார்லஸ் போன்ஸி, இத்தாலி போன்ற நாடுகளில் மலிவாகக் கூப்பன் வாங்கி அமெரிக்காவில் மாற்றி லாபம் பார்ப்பதாகச் சொல்லி, 50 சதவீத வட்டிக்குப் பணம் திரட்டினார். அதைச் சொல்லியே அக்காலத்துக் கூப்பன் எதைக் கண்டாலும் ‘போன்ஸி கூப்பன்’ என்று விலை ஏற்றுகிறார்கள். அவர் சொன்ன வியாபாரம் நடக்க 16 கோடிக் கூப்பன் வேண்டியிருக்கும், உலகில் புழங்கியதோ சுமார் 27,000 என்று நிதிப் பத்திரிகையாளர் கிளாரன்ஸ் பாரன் அப்போதே கணக்குக் காட்டினார். போன்ஸி கூப்பன் வியாபாரமே செய்யவில்லை. புதியவர் காசை எடுத்துப் பழையவருக்குக் கொடுத்தார். கடைசியில் அவர் ஒப்புக்கொண்ட குற்றம் தபால் வழி மோசடி. முதலீட்டாளர்களுக்கு அனுப்பிய கடிதங்கள் அதற்கு அடிப்படை. போன்ஸியின் நினைவாக ஏதாவது வேண்டுமென்றால் அவர் கம்பெனியிலிருந்து போன கவரைத் தேட வேண்டும். கூப்பன் அப்பாவி.

கடைசி ஆட்சேபத்தை லேசாகத் தள்ள எனக்கு மனமில்லை. "நோயிலும் கடனிலும் தவித்தவர்கள் ரகசியமாக எழுதியது. அதைக் காசு கொடுத்து வாங்கிக் கண்காட்சியில் தொங்கவிடுவது சரியா?" கேள்வி நியாயமானது. இந்தக் கடிதங்களை முதலில் சந்தைப் பொருளாக்கியவர்கள் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1905இல் காலியர்ஸ் வார இதழில் சாமுவேல் ஹாப்கின்ஸ் ஆடம்ஸ் போலி மருந்துக் கம்பெனிகளைத் தோலுரித்து எழுதிய தொடரில் கடிதத் தரகர்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஒரு கம்பெனிக்கு நோயாளிகள் எழுதிய அந்தரங்கக் கடிதங்களை மொத்தமாக வாங்கி, அடுத்த கம்பெனிக்கு விற்பதும் வாடகைக்கு விடுவதும் அவர்கள் தொழில். ஒருமுறை ஏமாந்தவர் பெயர் மறுமுறை ஏமாற்றத் தோதானது என்பதுதான் அந்தக் கடிதங்களின் விலை. அந்தச் சந்தையில் முக்கியம் பெயர். என் ஆல்பத்தில் முக்கியம் முத்திரையும் பாதையும்.

ஆகவே நான் வைத்துக்கொண்டிருக்கும் முறை இது. கவருக்குள் கடிதம் இருந்தால் பிரிக்காமல் கூடவே பாதுகாக்கிறேன், காட்சிக்கு வைப்பதில்லை. அனுப்பியவர் பெயர் வெளியே தெரிந்தால் அதன்மேல் ஒட்டாத காகிதப் பட்டை ஒன்றைச் சுற்றுகிறேன். ஊர் பெயர், தேதி, டிபார்ட்மென்ட் எண், திருப்பிய முத்திரை ஆகிய நான்கும் திறந்தே இருக்கும்.