கப்பல் எண்ணூருக்கு, விலை தில்லியிலிருந்து!

விலை ஏறிற்று, விலை இறங்கிற்று என்னும் இரு சொற்களும் இற்றைத் தமிழ்நாட்டில் மழை பெய்தது, வெயில் அடித்தது என்பன போன்ற வெற்றுப் பேச்சுகளாகிவிட்டன. வானத்தை எவரும் வினவ முடியாது. ஆகலின் மழையைப் பற்றி நான்கு சொல் பேசிவிட்டு அவரவர் வேலைக்குப் போகின்றனர். எரிவளி விலையையும் அவ்வாறே பேசிவிட்டுப் போகத் தமிழன் பழகிக்கொண்டான். விலை வானத்திலிருந்து பெய்வதன்று. அதை இடுகின்ற கை ஒன்று உண்டு. அந்தக் கை எவருடையது என்னும் வினா மட்டும் எங்கும் எழுவதில்லை.

அத்திப்பட்டுப் புதுநகரின் தேநீர்க் கடைகளில் காலைப்பொழுதில் காதுகொடுத்தால் இது விளங்கும். “கேசு எவ்ளோண்ணே ஏறிச்சு?” என்கிறான் இளைஞன். “டொமெஸ்டிக்கா, கமர்சியலா தம்பி?” என்கிறார் மூத்தவர். ஐம்பதா நூறா என்று சிறிது நேரம் வழக்கு நடக்கிறது. உருளை கொண்டுவரும் கூலியாள் கேட்கும் முப்பது நாற்பதுக்கு நல்ல வசவு கிடைக்கிறது. அதற்குள் பேச்சு பீட்சாவுக்குத் தாவிவிடுகிறது. மெல்லிய அப்பமா தடித்த அப்பமா, பனீர் இட்டதா கோழி இட்டதா, அன்னாசிப் பழத்தை அதன்மேல் இடுவது அறமா என்று அரைமணி நேரம் ஓடுகிறது. தொண்டைநீர் வற்றப் பேசிய அவ்விருவரும், தாங்கள் அமர்ந்திருக்கும் இடத்துக்கு நடைத்தொலைவில் என்ன இருக்கிறது என்பதை நினைப்பதில்லை.

அங்கே இருப்பது எரிவளிக் கிடங்கு. எண்ணூர்த் துறைக்குக் கப்பலில் வந்து சேரும் சமையல் எரிவளி, குழாய்வழி அத்திப்பட்டுக் கிடங்குக்கு வந்து, அங்கிருந்து தொட்டி வண்டிகளில் உருளை நிரப்பும் ஆலைகளுக்குச் செல்கிறது. அதே துறையில் 2019 மார்ச்சுத் திங்களில், ஆண்டுக்கு 50 இலக்கம் தொன் கொள்ளும் நீர்ம இயற்கை வளி முனையமும் தொடங்கப்பெற்றது. இவை இரண்டும் ஒன்றல்ல. அடுக்களை உருளையில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது; அழுத்தத்தால் நீர்மமாவது. மற்றது மீத்தேன், சுழிக்குக் கீழ் 162 பாகை வரை குளிர்வித்தால்தான் நீர்மமாகும். முன்னது வீட்டுக்கு, பின்னது பெரும்பாலும் மணலி ஆலைகளுக்கு.

சென்னைக்கு எரிபொருள் ஊட்டும் வேலை அத்திப்பட்டுக்குப் புதிதும் அன்று. எரிவளி வருமுன் சென்னையின் அடுப்புகள் விறகால் எரிந்தன. அவ்விறகில் பெரும்பங்கு பழவேற்காட்டு ஏரிப் பக்கத்திலிருந்தும் சிரீஅரிக்கோட்டைக் காட்டிலிருந்தும் பக்கிங்காம் கால்வாய் வழியே ஓடங்களில் வந்து, இவ்வூர்ப் பக்கத்தைக் கடந்துதான் பேசின் பாலத்தை அடைந்தது. பின்னர் நிலக்கரி வந்தது. 1990களில் வடசென்னை அனல்மின் நிலையம் எழுந்தது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் முதன்மையாக அந்நிலக்கரிக்கென்றே திறக்கப்பட்டது. அதற்குக் காமராசர் பெயர் 2014-இல் சூட்டப்பட்டது. சாம்பல் கொசத்தலையாற்றில் கலந்தது. 2023 திசம்பரில் வெள்ளத்தோடு எரிநெய் கழிமுகத்தில் பரவி மீனவர் வலைகளைக் கறுப்பாக்கியது. அதே திங்கள் 26-ஆம் நாள் நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்தோடினர். எரிபொருளின் ஏதம் முழுவதும் இவ்வட்டாரத்தின் தலையில்; அதன் விலையில் மட்டும் இவ்வட்டாரத்துக்கு ஒரு சொல்லும் இல்லை.

விலை எங்ஙனம் இடப்படுகிறது? இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எரிவளியில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. அதிலும் பெரும்பங்கு வளைகுடா நாடுகளிலிருந்து. சவூதி அரேபியாவின் அராம்கோ கும்பினி ஒவ்வொரு திங்களும் புரொப்பேனுக்கும் பியூட்டேனுக்கும் ஒரு விலையை அறிவிக்கும். அவ்விலையோடு கப்பற்கூலி, தாலர் மாற்று, உள்நாட்டுச் செலவு ஆகியவற்றைக் கூட்டிக் கணக்கிடுகின்றனர். கடைகளுக்குரிய 19 கிலோ உருளையின் விலை இக்கணக்கின்படி ஒவ்வொரு திங்கள் முதல்நாளும் மாறும். வீட்டுக்குரிய 14.2 கிலோ உருளையின் விலையோ நடுவணரசு தலையசைத்தால்தான் மாறும்.

அத்தலை எப்பொழுது அசைந்தது என்று பார்க்க வேண்டும். சென்னையில் வீட்டு உருளை 2022 சூலையில் 1068.50 உருவா, 2023 மார்ச்சில் 1118.50. அவ்வாண்டு ஆகத்து 30-ஆம் நாள் ஒரேயடியாக 200 குறைந்து 918.50 ஆனது, வடக்கே சில மாநிலத் தேர்தல்கள் அடுத்த சில திங்களில் வரவிருந்தன. 2024 மார்ச்சில், நாடாளுமன்றத் தேர்தல் நாள் அறிவிக்கப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு கிழமைக்கு முன், மேலும் 100 குறைந்து 818.50 ஆனது. தேர்தலெல்லாம் முடிந்து, 2025 ஏப்பிரல் 8-ஆம் நாள் 50 ஏறி 868.50 ஆனது. ஏறுவதற்குச் சவூதி அரேபியாவைக் காட்டுகின்றனர். இறங்குவதற்கு எந்த நாட்டைக் காட்டுவர்?

வாங்கும் விலைக்கும் குறைவாகவே வீட்டு உருளை விற்கப்பட்ட காலங்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அவ்விழப்பை ஈடுசெய்ய மூன்று எரிநெய்க் கும்பினிகளுக்கும் 2022-இல் 22,000 கோடியும், 2025 ஆகத்தில் 30,000 கோடியும் தர நடுவண் அமைச்சரவை ஒப்பியது. அப்பணமும் மக்கள் வரிப்பணமே. வலக்கையால் குறைத்து இடக்கையால் எடுக்கும் இக்கணக்கைத் தேநீர்க் கடையில் எவரும் பேசுவதில்லை. முப்பது உருவாய் கேட்கும் உருளைக் கூலியாள்தான் அங்கே கொள்ளைக்காரன்!

இனி ஊருக்கு ஊர் விலை. 2025 ஏப்பிரல் 8-இல் வீட்டு உருளை தில்லியில் 853, மும்பையில் 852.50, சென்னையில் 868.50, கொல்கத்தாவில் 879. கடல் எந்தத் திசையில் இருக்கிறதென்றே காணாத தில்லிக்காரன், எண்ணூர்த் துறையைத் தன் மடியில் வைத்திருக்கும் சென்னைக்காரனைவிடப் பதினைந்தரை உருவா குறைத்துக் கொடுத்தான். போக்குவரவுச் செலவு என்று ஒரு விளக்கம் சொல்வர். கப்பல் வந்து நிற்கும் ஊரில் போக்குவரவுச் செலவு மிகுதியாம். ஆயிரம் கல் தொலைவில் குறைவாம்! கொல்கத்தாவுக்கும் பக்கத்தில் அல்தியாத் துறை இருக்கிறது. பதினைந்து உருவாய் பெரும்பொருளன்று எனலாம். சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள அடுப்புகளால் அதனைப் பெருக்கிப் பார்ப்பவர்க்கு அது பெரும்பொருளாகவே தோன்றும்.

வீட்டு உருளையைவிட, உண்மையில் நெஞ்சை அழுத்துவது 19 கிலோ உருளையே. அத்திப்பட்டிலும் எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் அனல்மின் நிலைய, துறைமுகக் கூலித் தொழிலாளரின் காலை வயிற்றை நிரப்புவோர் தெருவோர இட்டலிக் கடைப் பெண்கள். வீட்டு உருளையைக் கடையில் எரிப்பது சட்டப்படி குற்றம். 19 கிலோ உருளையோ சென்னையில் 2022 மேத் திங்களில் 2508 உருவா. 2025 செபுதம்பரில் 1738. 2026 சனவரியில் 1849.50. திங்கள்தோறும் இவ்வாறு ஏறி இறங்கும் பொருளை முதலாக வைத்து, ஏறவும் இறங்கவும் முடியாத விலையில் அவள் இட்டலி விற்க வேண்டும். இட்டலிக்கு ஓர் உருவா கூட்டினால் கூலித் தொழிலாளி அடுத்த கடைக்குப் போவான். ஏறும்பொழுது அவள் கூட்ட முடியவில்லை. இறங்கும்பொழுது சென்ற திங்களின் கடனை அடைக்கவே அது சரியாகிறது. விலை மிகவும் ஏறினால் அவள் சவுக்கு விறகுக்குத் திரும்புகிறாள். புகை அவள் கண்ணுக்கும் மூச்சுக்கும்.

அதன்மேல் வரி. சரக்கு–பணி வரி வீட்டு உருளைக்கு 5 விழுக்காடு. கடை உருளைக்கு 18 விழுக்காடு. 1738 உருவாவில் ஏறத்தாழ 265 உருவா வரி மட்டுமே. எந்தப் பதிவும் இல்லாத தெருவோரக் கடைக்காரி அவ்வரியை எவரிடமும் திரும்பக் கேட்க முடியாது. பெருங்கடைகளும் ஐந்து விழுக்காட்டு வரிமுறையில் அதைத் திரும்பப் பெறுவதில்லை என்பது உண்மையே. ஆனால் நானூறு உருவாப் பீட்சாவில் அதைக் கரைப்பது எளிது, பத்து உருவா இட்டலியில் கரைப்பது அரிது.

பீட்சா என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வர வேண்டும். 2025 செபுதம்பர் 22-ஆம் நாள் முதல் வரிகளைத் திருத்தியபொழுது, உரொட்டி, சப்பாத்தி, குசராத்தியரின் காக்ரா, அடைத்து விற்கும் பனீர், பரோட்டா ஆகியவற்றோடு பீட்சாவுக்குரிய அடியப்பத்துக்கும் வரியை முற்றும் நீக்கினர். நல்லது. அடைத்து விற்கும் இட்டலி, தோசை மாவுக்கு 5 விழுக்காடு வரி அப்படியே நின்றது. இத்தாலியில் பிறந்த அப்பத்துக்கு வரியில்லை. இட்டலி மாவுக்கு வரி உண்டு! வேலைக்குப் போகும் பெண்கள் அரைக்க நேரமின்றி மாவு வாங்கும் இந்நாளில், உண்ணும் வழக்கம் எது என்று எண்ணி வரி வகுக்கும் அவையில் எவருடைய அடுக்களை நினைவில் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பீட்சாவின்மேல் பகை கொள்ள வேண்டுவதில்லை. நேப்பிள்சு நகரத்து ஏழைகளின் தெருவோர உணவு அது. ஒரு வகையில் அத்திப்பட்டு இட்டலிக்காரிக்கு உறவு. 1889-இல் அரசி மார்கரீத்தாவுக்காகச் செய்யப்பட்டதாகச் சொல்லும் கதையால் பெருமை பெற்றது. மக்கள் போன இடமெல்லாம் அதுவும் போயிற்று. நியூயார்க்கில் மெலிந்தது, சிக்காகோவில் கிண்ணம்போல் ஆழ்ந்தது. தேநீர்க் கடையில் வழக்குக்கு வந்த அன்னாசிப் பீட்சாவுக்கு ‘அவாய்’ என்று பெயர், ஆனால் அதைச் செய்தவர் கிரேக்கத்திலிருந்து கனடாவுக்குக் குடியேறிய சாம் பனோபுலோசு, ஆண்டு 1962. தோமினோசுக் கும்பினி 1996-இல் தில்லியில் கடை திறந்தபின் இந்தியாவில் நடந்ததும் இதுவே. குசராத்தில் வெங்காயமும் பூண்டும் இல்லாத பீட்சா, வடக்கே பனீர், தெற்கே காரக் கோழி. ஊர்ச்சுவை அறிந்து ஒரு வெளிநாட்டுக் கும்பினி தன் அப்பத்தை மாற்றுகிறது. ஊர்நிலை அறிந்து ஓர் எரிவளி விலையையோ ஒரு வரியையோ மாற்ற நடுவணரசுக்கு இயலவில்லை.

இன்னொன்று. நேப்பிள்சில் இன்றும் சிறந்த பீட்சா விறகடுப்பில்தான் சுடப்படுகிறது. ஒன்றரை மணித்துளிக்குள் வெந்துவிடும். அக்கைத்திறத்தை 2017-இல் யுனெசுகோ மாந்தகுலத்தின் தொட்டுணர இயலாப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அங்கே விறகுப்புகை மணத்துக்குக் கூடுதல் விலை தருகின்றனர். இங்கே எரிவளிக்குப் பணமில்லாதவள் விறகு ஊதுகிறாள்.

பீட்சாவுக்குத் தமிழ்ச்சொல் ஆக்கவேண்டும் என்று முனைவாரும் உளர். அவ்வுழைப்பு வேறிடத்துக்குப் போகலாம். இட்டலி உலகெங்கும் இட்டலியாகவே போயிற்று. பருமாவிலிருந்து திரும்பிய தமிழர் வடசென்னைக்குக் கொண்டுவந்த அத்தோ இன்றும் அத்தோவே. ஓர் ஊரின் உணவுக்கு அவ்வூர்ப் பெயர் இருப்பதில் இழுக்கில்லை. தமிழன் தன் நெய்த்தோசையைக் ‘கீ ரோஸ்ட்’ என்பதும், வெங்காய ஊத்தப்பத்தை ‘ஆனியன் ஊத்தப்பம்’ என்பதும்தான் இழுக்கு. வளி என்னும் பழஞ்சொல் இருக்கக் ‘கேசு’ என்பதும் அவ்வகையே. ஏழைப் பெண்களுக்கு எரிவளி இணைப்புத் தரும் 2016-ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு ‘உச்சுவலா’ என்று பெயர். முகவரிச் சான்று இல்லாதவரும் வாங்கத்தக்க 5 கிலோ உருளைக்கு 2020-இல் இந்தியன் ஆயில் இட்ட பெயர் ‘சோட்டு’. 2 கிலோ உருளைக்கு ‘முன்னா’. அத்திப்பட்டில் இறங்கி, தமிழ்நாட்டு ஆலையில் நிரம்பி, தமிழச்சி கைக்கு வரும் உருளைக்கு இந்திப் பெயர்! விலையிடுவோர் எவரோ அவரே பெயரும் இடுவர்.

கேட்கத்தக்கவை பெரியவையல்ல. கடை உருளை வரி 18-லிருந்து வீட்டு உருளைக்குரிய 5-க்கு இறங்க வேண்டும். தெருவோரச் சிறுகடைகளுக்கேனும் முதலில். அடைத்த இட்டலி மாவு, பீட்சா அடியப்பத்தோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். உருளை விலையில் வளியின் விலை எவ்வளவு, போக்குவரவுக் கூலி எவ்வளவு, முகவர் பங்கு எவ்வளவு, வரி எவ்வளவு என்று பிரித்து, தமிழில், ஒவ்வொரு முகவர் கடையிலும் ஒவ்வொரு திங்கள் முதல்நாளும் எழுதி மாட்ட வேண்டும். அப்பலகையில், சென்னையின் போக்குவரவுக் கூலிக்குப் பக்கத்தில் தில்லியின் கூலியும் இருக்கட்டும்.