ஊரின் பங்காளிகள்

நகரமைப்பு என்பது வீதி கீறுதலும் கட்டிடம் எழுப்புதலும் மட்டுமன்று. ஓர் ஊரில் வாழ்வோரின் வெவ்வேறு நலன்களை ஒரே நிலத்திற் பொருந்த வைக்கும் அறிவுத்துறை அது. அந்நலனுடையோரை இன்று அலுவலகங்களிற் 'பங்குதாரர்' என வழங்குகின்றனர். அச்சொல் வாணிகத்துக்கு உரியது, முதலிட்டவரையே சுட்டுவது. நம் தமிழில் இதனினும் தக்க சொல்லொன்று உண்டு. அது 'பங்காளி' என்பது. பங்காளி பணத்தாற் பங்கு பெற்றவனல்லன், பிறப்பாற் பெற்றவன். அவனோடு வழக்கு உண்டாகலாம். அவனைக் கேளாது காணியைப் பிரித்தல் மட்டும் ஆகாது. ஊரை அமைப்பதற்கும் இதுவே விதி என்பது நம் துணிபு. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் நில அளவையாளரும் பொறியியலாளரும் செயலக அலுவலரும் உளராதலின், சாய்ந்தமருதை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஈண்டு விளக்குவாம்.

நம் முன்னோர் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்றும், வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் என்றும் நிலத்தைப் பகுத்தனர். சாய்ந்தமருதில் இவ்விரண்டும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வயல், வடக்கே கல்முனைக்குடி, தெற்கே காரைதீவு. இவற்றினிடையே ஒடுங்கிய மணற்றரையில், 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 25,000 மக்கள் வாழ்ந்தனர். எத்திசையில் ஓரடி எடுத்து வைப்பினும் பிறிதொருவர் நலனில் மிதித்தேயாகவேண்டிய ஊர் இது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் இவ்வூரினுட் புகுந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்து வந்த மாதங்களில், கிழக்குக் கரையோரத்தில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசு கோடு கிழித்தது. உயிர் காக்கும் நோக்கத்தைக் குறைகூறுவாரிலர். ஆயினும் கடலிலிருந்து 200 மீற்றர் மேற்கே சென்றால் ஏற்கெனவே நெருங்கிய குடியிருப்பு. அதற்கும் அப்பால் தனியார் வயல். மீனவனோ வள்ளத்தையும் வலையையும் கண்ணெட்டும் தொலைவில் வைத்திருக்க வேண்டியவன். பின்னர் அவ்வெல்லை இப்பகுதியில் 65 மீற்றராகக் குறைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் மக்கள் தற்காலிகக் கொட்டில்களில் வெயிலும் மழையும் தாங்கினர். கோடு கிழிக்குமுன் கரையோரத்தாரைக் கேட்டிருப்பின் அக்காலம் குறைந்திருக்கும்.

வரைபடத்திற் காணப்படாத பங்காளியும் ஒருத்தி உளள். கிழக்குக் கரையில், முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும், வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவது; மணமகன் மனைவியின் வீட்டுக்கு வருபவன். ஆகவே வீட்டுறுதி பெரும்பாலும் அவள் பெயரிலேயே இருந்தது. சுனாமிக்குப் பின் எழுந்த வீட்டுத்திட்டங்கள் பலவற்றில் 'குடும்பத் தலைவர்' என்ற ஒரு சொல்லால் உரிமை கணவன் பெயருக்கு மாறிற்று. கடல் கொண்டுபோகாத உரிமையைப் படிவம் கொண்டுபோயிற்று எனலாம். வெளிநாட்டு வழக்கத்தை மனத்துட் கொண்டு எழுதிய படிவம் உள்ளூர் மரபை அறியவில்லை. அறிந்தவரை எவரும் வினவவுமில்லை.

இம்மரபே நிலத்தின் மேலுள்ள நெருக்குதலுக்கும் காரணமாகின்றது. மூன்று பெண்களைப் பெற்ற தந்தை மூன்று வீடு தேடவேண்டும். வளவு துண்டுபடுகின்றது, துண்டும் போதாதாயின் வயல் நிரப்பப்படுகின்றது. வயல் நிரம்பினால் மாரிவெள்ளம் எங்கே தங்கும்? வடகீழ்ப் பருவமழை பெய்யுங்கால் வயலில் நின்ற நீர் தோணா வழியாகக் கடலை அடைதல் வேண்டும். தோணாவோ குப்பையாலும் சல்வினியாவாலும் தூர்ந்து, வெள்ளம் வந்த பின்னரே முகத்துவாரம் வெட்டப்படும் நிலையில் உள்ளது. நிரப்பியவன் வீடு உயர்ந்து நிற்க, நிரப்பாத அயலவன் வீட்டுள் நீர் நுழைகின்றது.

'நிரப்பற்க' என்று சட்டம் சொல்லுதல் எளிது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வயல் நிலத்தைக் காக்கவே எழுந்தது. எனினும் பெண்ணைப் பெற்றவனுக்கு மாற்றுவழி காட்டாத தடை நெடுநாள் நில்லாது. ஒரே வளவில் மாடி எழுப்பி, தளந்தோறும் தனியுறுதி எழுதுதற்கு 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிமனை உரிமைச் சட்டம் வழிசெய்துள்ளது. மகளுக்கு ஒரு தளம் என்பதை மதிப்புக்குரிய சீதனமாக ஊர் ஏற்குமாயின் வயலும் பிழைக்கும், குடும்பமும் பிழைக்கும். இது பொறியியலாளர் மட்டும் தீர்க்கத்தக்கதன்று. பள்ளிவாசலும் கோயிலும் மாதர் சங்கமும் கூடிப் பேசவேண்டிய பொருள்.

ஓரூரின் நலன் மற்றோரூரின் இழப்பாதலும் உண்டு. தெற்கே ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் மணலை அதன் அலைதடுப்பு அணைகள் மறித்தன. தெற்கில் மணல் குவிய, வடக்கில் ஒலுவிற் கரையையும் நிந்தவூர்க் கரையையும் கடல் அரித்தது; தென்னந்தோட்டங்கள் சரிந்தன. பின்னர்த் துறைமுக வாயிலையே மணல் மூடிற்று. அதனை அகற்றுக என ஆழ்கடற் படகினர் வேண்டினர். முதலில் எம் நிலத்தைக் காத்தருளுக எனக் கரையோரத்தார் மறித்தனர். இருவர் வழக்கும் நியாயமே. அணை கட்டுமுன் ஒரே பாயில் அமர்ந்திருக்க வேண்டியவர், கட்டிய பின் எதிரெதிரே நின்றனர்.

இத்தனை பேரைக் கேட்டால் வேலை தாமதமாகும் என்பார் உளர். கேளாமையால் வந்த தாமதத்தை அவர் எண்ணிப் பார்ப்பாராக. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியாற் கட்டிய 500 வீடுகள், எவர்க்குரியன என்ற வழக்கினாற் பல்லாண்டு ஆளரவமின்றிக் கிடந்து பாழாயின. 1914இல் இந்தியா வந்து, சென்னை மாகாண நகரங்களை ஆராய்ந்து, 1921இற் கொழும்புக்கும் திட்டம் வரைந்த பற்றிக் கெடிஸ் என்னும் அறிஞர், நோயறிந்த பின்னரே மருந்து என்ற கொள்கையினர். தெருத்தெருவாக நடந்து கண்ட பின்னரே எழுதுகோல் எடுத்தவர். நூறாண்டு கழிந்தும் நாம் எழுதுகோலை முதலில் எடுக்கின்றோம்.

ஊர்க்கு எச்சபை வேண்டும் என்ற வழக்கும் நீண்டது. கரைவாகு தெற்குக் கிராம சபை 1987இற் கல்முனையோடு இணைக்கப்பட்டது. 2020 பெப்ரவரியில் தனி நகர சபை வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டுச் சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. அவ்வழக்கு எவ்வாறு முடியினும், வெள்ளம் சபையெல்லை அறியாது, மணலும் அறியாது. தோணாவைக் காப்பதிற் சாய்ந்தமருதாரும் காரைதீவாரும் கல்முனையாரும் பங்காளிகளே.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. திட்ட வரைபடம் ஒப்பமிடப்படுமுன் விளங்கு தமிழில் ஊர்ப் பொதுவிடங்களில் வைக்கப்படுக. மீனவர், கமக்காரர், மாதர், வாடகைக் குடியிருப்போர் ஆகியோருக்குத் திட்டக் குழுவில் இடமளிக்கப்படுக. எக்காரணத்தால் இடம் பெயர்ப்பினும் வீட்டுறுதி முன்பு யார் பெயரில் இருந்ததோ அவர் பெயருக்கே வழங்கப்படுக.

கல்லூரிக்கும் இதிற் கடனுண்டு. தம்மூர் வடிகால் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று அறியாத மாணவன் உலகப்படத்தை ஒப்புவிப்பதாற் பயன் சிறிதே. மாணவர் ஆண்டுக்கொருமுறை தோணாக்கரை நெடுக நடந்து வரைபடம் எழுதிப் பழகுக. பழைய மாணவர் தம் அலுவலக மேசையில் ஊர்ப்படம் ஒன்று விரிக்கப்படும் போது, 'இதில் எந்தப் பங்காளி விடுபட்டான்?' என்று ஒருகால் வினவுக. அவ்வினா எழுமாயின் இவ்விழாக் கொண்டாடும் கல்லூரி தன் கடனைச் செய்ததாகும்.